எட்டுக்கால் பூட்டு

பாஞ்சாலிக்குப் புருஷனின் குரல் மறந்துபோனது ஓர் ஆடி மாதக் காலையில், யாருடைய கல்யாணத்துக்கோ எடுத்த மஞ்சள் பட்டுக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தபோது.

வெளியே தூறல். பெங்களூர் ஆடித் தூறலுக்குப் பெய்து தீர்க்கிற ரோஷமும் இல்லை, விட்டுப் போகிற மரியாதையும் இல்லை. கொடியில் போட்ட துணி சாயங்காலம் வரைக்கும் ஈரமாகவே தொங்கும். குழாயடியில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதைக் கேட்டதும் குணசேகர் தன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று அவள் யோசித்தாள். வரவில்லை. மிஷினை நிறுத்தினாள். 'பாஞ்சாலி' என்று மனத்துக்குள் அவர் வாயால் சொல்லிப் பார்த்தாள். வந்தது அவளுடைய அண்ணன் குரல். இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் குரல் வந்தது.

அவளுக்குப் பயமாகிவிட்டது. திரும்பிப் பார்த்தாள். குரலுக்குச் சொந்தக்காரர் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் துண்டோடு, மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சொல்லு," என்றார் குணசேகர், மழையைப் பார்த்தே.

போன மார்கழியில் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்தவர். மூளையில் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. பேச்சில் மிஞ்சியது அந்த ஒரே வார்த்தை. பசித்தாலும் 'சொல்லு'. வெளிக்கு வந்தாலும் 'சொல்லு'. ஈ மொய்த்தாலும், கரண்ட் போனாலும், யார் வீட்டிலாவது குக்கர் விசில் அடித்தாலும் 'சொல்லு'தான். நாக்கு குழறி, 'சொ'வில் இழுத்து, 'லு'வில் தொலைந்துபோகும். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா நல்ல மாதிரி. பாஞ்சாலியைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "சில பேருக்கு இப்படி ஒரு வார்த்தை தங்கிடும்மா. அர்த்தத்தோட சொல்றாருன்னு எடுத்துக்காதீங்க. வீணா மனசு கஷ்டப்படும். நாம பேசறது எவ்வளவு புரியுதுன்னும் இப்ப உறுதியாச் சொல்ல முடியாது."

பாஞ்சாலி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். டாக்டர் சொன்னால் மருந்து என்றாலும் வார்த்தை என்றாலும் அவள் அப்படியே எடுத்துக்கொள்கிறவள்.

அவர்கள் குடியிருந்தது ஜோகுபாளையத்தில், லட்சுமம்மாவின் வத்தாரத்தில். ஒரே முற்றத்தைச் சுற்றி ஒற்றை அறை வீடுகள் வரிசையாக நிற்கும், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய் இருக்கும். அதற்குப் பெங்களூரில் வத்தாரம் என்று பெயர். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் கோலார் தங்கவயல். சுரங்கத்தை மூடுவதற்கு முன்பே குணசேகர் பெங்களூருக்கு வந்து, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டார். பங்காருபேட்டை, கோலார், தங்கவயல் பக்கத்துப் பாங்குகளுக்கும் ஆபீசுகளுக்கும் அவர்தான். விடிகாலையில் ரயிலேறினால் திரும்ப விளக்கு வைக்கிற நேரமாகும். குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசி முடித்து வெகு காலமாகிவிட்டது.

வீட்டில் பேசுகிறவள் பாஞ்சாலிதான். எந்தச் சேலைக்கு எந்த நிற நூல் கிடைக்கவில்லை என்பதிலிருந்து, குழாயடியில் யார் குடத்தை யார் நகர்த்தினார்கள் என்பது வரைக்கும் ஒன்று விடமாட்டாள். பொரியல் தாளித்துக்கொண்டே பேசுவாள், பாயை உதறிக்கொண்டே பேசுவாள். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்பார். இப்போது அவளும் பேசுவதில்லை. சுவரிடம் பேசினால் வத்தாரத்தில் பைத்தியம் என்பார்கள். பதில் சொல்லாத புருஷனிடம் பேசினால் ஐயோ பாவம் என்பார்கள். பைத்தியப் பட்டத்தையாவது தாங்கிக்கொள்ளலாம், அந்த ஐயோ பாவத்தைத் தாங்க முடியாது. இட்லி, மாத்திரை, துடைக்கிற துணி, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் வாய் திறக்காமலே நடந்தன. அந்த அறையில் நாள் முழுக்கக் கேட்டது தையல் மிஷின் சத்தமும் அந்த 'சொல்லு'வும்தான்.

இப்போது குரலும் மறந்துவிட்டது. அன்று மத்தியானமே அவள் பெட்டியிலிருந்து கல்யாண வீடியோ கேசட்டை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். கேசட்டில் குணசேகர் சிரிக்கிறார், புத்தர் படத்துக்கு முன்னால் நின்று மாலை மாற்றுகிறார், யாருக்கோ பதில் சொல்கிறார். வாய் அசைகிறது. ஆனால் வீடியோக்காரன் ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு ஒட்டியிருந்தான். ஒரு மனுஷன் குரல் கிடையாது. பாஞ்சாலி அந்த முகம் தெரியாத வீடியோக்காரனை மனசார வைதாள்.

அப்புறம்தான் அந்தக் கறுப்பு லேப்டாப் ஞாபகம் வந்தது.

ஆபீசில் கழித்துப்போட்ட பழைய மிஷின் அது. செங்கல் கனம். குணசேகர் அதைச் சரிபண்ணித் தனக்கு வைத்துக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் சமையல் மேடை ஓரத்தில் திறந்துவைத்து எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். ரயிலுக்கும் கொண்டுபோவார். "அதுல இன்னாங்க பண்றீங்க?" என்று ஒரு தரம் கேட்டதற்கு, "ரெகார்டிங் வெச்சிருக்கேன்" என்றார். அவள் புரிந்துகொண்டாள். தங்கவயல் ரயிலில் தினம் போய்வருகிற ஆட்களுக்கு ஒரு பாட்டு கோஷ்டி உண்டு. ஒருவர் தோல்பெட்டியில் தாளம் போட, சாமிப் பாட்டிலிருந்து டப்பாங்குத்து வரைக்கும் வண்டி ஒயிட்ஃபீல்டு தாண்டும் வரையில் ஓயாது. குணசேகர் அதில் நன்றாகப் பாடுவார். அதைத்தான் பிடித்து வைத்திருக்கிறார்.

மிஷினைத் துடைத்துக் கரண்டில் போட்டாள். கறுப்புத் திரையில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் வந்து நின்றது. அவர் பிறந்த தேதி, கல்யாணத் தேதி, மாமியார் பேர், கம்பெனி பேர் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துப் பார்த்தாள். தன் பேரையும் அடித்தாள், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே. மிஷின் ஒவ்வொன்றுக்கும் 'பீம்' என்று ஒரு சத்தம் போட்டு வேண்டாம் என்றது. மிஷினைத் தூக்கி அவர் மடியில் வைத்துப் பார்த்தாள். அவர் இடது கையை எழுத்துகள் மேல் வைத்தார். கை அங்கேயே கிடந்தது. ஒரே எழுத்து அமுங்கி, மிஷின் விடாமல் கத்தியது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அதை அவர் முன் கொண்டுபோகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாஸ் வந்தார். குணசேகரின் அண்ணன். சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர், இப்போது பங்காருபேட்டையில் ஒரு ரைஸ்மில்லுக்கு வாட்ச்மேன். தூக்குச் சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தார். பாஞ்சாலி ராகிக் களி கிளறினாள். அறை முழுக்கக் கருவாட்டு வாசனை அடித்ததும் குணசேகர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"இன்னா பாஞ்சாலி, எப்டிக்கீறான்?" என்றார் தாஸ், தம்பியின் தலைக்கு மேலாக.

"அப்டியேதான் மாமா."

"நல்லா துன்றானா?"

"துன்றாரு."

வருகிற எல்லாருமே இப்படித்தான். உட்கார்ந்திருப்பது குணசேகர், கேள்வி அவளுக்கு. அவள் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து அவர் வாயில் வைத்தாள். அவர் இடது கையால் டம்ளரை டங் டங்கென்று தட்டினார்.

"தண்ணி கேக்கறாரு," என்றாள்.

தாஸ் சிரித்துவிட்டார். "பாரேன், குழாயத் தட்டறான்! சுரங்கத்துல ஏர் பிளாஸ்ட் வந்து பாறை சரிஞ்சுதுன்னா இப்டித்தான் தட்டுவோம், தெரியுமா? காத்து போற குழாய் ஒண்ணு கீழவரைக்கும் போவும். மேல நாங்க சுத்தியாலத் தட்டுவோம். உள்ள மாட்டினவன் உசுரோட இருந்தா அவனும் தட்டுவான்."

"தட்டலன்னா?"

"தட்டலன்னாலும் நாங்க உடக்கூடாது. எங்க மேஸ்திரி கத்துவான், 'பதிலு வருதோ வரலியோ, நீ தட்டினே இருடா கம்மனாட்டி'ன்னு. எனக்குக் கை மரத்துப் பூடும். ஒருவாட்டி ரெண்டு ஷிப்டு தட்டினோம். அப்றம் பாத்தா உள்ள மூணு பேரு உசுரோடதான் கீறானுங்க. தட்டறதுக்குக் கல்லு எட்டல, அவ்ளோதான். குழம்புல உப்பு போதுமா?"

"போதும் மாமா."

தாஸ் கை கழுவிவிட்டு வந்து, துண்டால் துடைத்தபடி விஷயத்துக்கு வந்தார்.

"நா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. இவன நா நம்மூருக்கு, மாரிகுப்பத்துக்கு இட்னு போறேன். சுரங்க லைன் வீட்டுல உங்கக்கா கீறா, மருமவ கீறா, ஆளுக்கு ஒரு கை. நீ ஒண்டி ஆளு. தூக்கறதும் தொடைக்கறதும், எத்தினி நாளுக்கு? உம் மூஞ்சியப் பாரு, எலும்பாட்டம் கீற. நீ இங்க உன் தையல பாத்துனு இரு, வாரத்துக்கு ஒருவாட்டி வந்து பாரு."

"யோசிச்சுச் சொல்றேன் மாமா."

"யோசி. ஆவணி பொறந்ததும் வண்டி வெச்சுனு வரேன்."

பாஞ்சாலி பாத்திரத்தை ஒதுக்கிக்கொண்டே கேட்டாள். "மாமா, வண்டில அவரு பாடுவாரே, அத யாராச்சும் டேப்புல புடிச்சிருக்காங்களா?"

"பாட்டா? அவன் பாடறத உட்டு எத்தினியோ நாளாவுதே! கோஷ்டி ஆளுங்க எங்கிட்ட கோள் சொல்லுவானுங்க. 'உன் தம்பி பெரிய மனுஷன் ஆய்ட்டான், ஜன்னலோரம் போயி காதுல ஒயர மாட்டினு தனியா சிரிச்சினு கீறான்'னு. பாட்டுதான் கேப்பான்னு நெனைக்கறேன், அந்தக் கறுப்பு மிஷின்ல."

தாஸ் போன பிறகு வெகு நேரம் அவள் தூக்குச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆவணியில் ஆளும் போய்விடுவார். குரல் ஏற்கெனவே போய்விட்டது. அதற்குப் பிறகு இந்த அறையில் தனக்கு என்ன மிச்சம்? குரலையாவது மீட்டுவிட வேண்டும்.

மறுநாள் காலை லட்சுமம்மாவிடம் போய் நின்றாள். வீட்டுக்காரம்மாவுக்குத் தமிழும் கன்னடமும் ஒரே பாத்திரத்தில்தான் வேகும்.

"நீ போய்ட்டு பாம்மா. நான் நோட்கோத்தீனி, பாத்துக்கறேன். உன் யஜமானருக்கு ஊட்டா நானே குடுக்கறேன். அந்த டப்பாவ யாருக்கும் சும்னே குடுத்துட்டு வராதே, ஹுஷார்!"

லேப்டாப்பை ஃபால்ஸ் துணியில் சுற்றிப் பையில் வைத்து, கார்ப்பரேஷன் வரைக்கும் பஸ், அங்கிருந்து நடை. எஸ்.பி. ரோட்டில் ஒயரும் விசிறியும் பழைய கீபோர்டும் நடைபாதை வரைக்கும் கொட்டிக் கிடந்தன. மழைக்காக மேலே நீல பிளாஸ்டிக் கட்டியிருந்தார்கள். அது தொப்பை போட்டு நடுநடுவே ஜனங்கள் தலையில் ஊற்றியது.

முதலில் போன கடையில் இருந்த ஆள் மிஷினைப் பார்த்ததுமே ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கீபோர்டைத் தூக்கிவிட்டான்.

"அஞ்சு நிமிஷம் ஆன்ட்டி. இங்க பாருங்க, இந்த ஐசி. எட்டுக் கால் இருக்கா? இதுலதான் பாஸ்வேர்டு இருக்கு. ஆன் பண்றப்போ இந்த ரெண்டு காலையும் ஸ்க்ரூ டிரைவரால டச் பண்ணிட்டா முடிஞ்சது. பாஸ்வேர்டு அழிஞ்சிடும்."

ஒரு துவரம்பருப்பு அளவு இருந்தது அது. கறுப்பாக, இரண்டு பக்கமும் நாலு நாலு காலோடு, ஏதோ பூச்சி மாதிரி. அவன் ஸ்க்ரூ டிரைவர் நுனியை அதன் மேல் கொண்டுபோனான்.

"இரு இரு. அழிஞ்சிடுமா?"

"ஆமா. அழிஞ்சா நல்லதுதான?"

பாஞ்சாலிக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் விட்டுப்போனதில் எதுவும் அழிவதற்கு அவள் சம்மதிக்கத் தயாராக இல்லை. மிஷினைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த ஆள் பின்னால் ஏதோ முணுமுணுத்தான்.

அதற்குப் பிறகுதான் ராஜேந்திரனைத் தேடிப் போனாள். முன்பே போயிருக்கலாம். குணசேகரோடு ஒரே கம்பெனியில் இருந்து பிரிந்து வந்து, அதே ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு மேலே தனியாக ரிப்பேர் கடை போட்டிருக்கிறவன். ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தரம் வந்தான், அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இருந்தது.

அவளைப் பார்த்ததும் ராஜேந்திரன் எழுந்து நின்றான். "அண்ணி! சாரி அண்ணி, வரணும் வரணும்னு..."

"அத உடு. இதப் பாரு. கீழ ஒரு கடைல பாஸ்வேர்ட அழிச்சிடறேன்னான், புடுங்கினு வந்துட்டேன்."

அவன் மிஷினைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். "இது குணா அண்ணன் குழந்தையாச்சே. யாரையும் தொட விடமாட்டாரு." கரண்டில் போட்டுப் பூட்டுப் படத்தைப் பார்த்தான். டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னாடா?"

"ரெண்டு பூட்டு போட்டிருக்காரு அண்ணி. ஒண்ணு போர்டுல, அந்த ஐசில. இன்னொண்ணு டிஸ்க்குலயே. கீழ அவன் ஷார்ட் பண்றேன்னானா? பண்ணியிருந்தா மிஷின் ஆன் ஆகியிருக்கும், டிஸ்க் தொறந்திருக்காது. என்ன வார்த்தை போட்டாருன்னு கண்டுபுடிக்க வழியும் போயிருக்கும். தப்பிச்சீங்க."

"இப்ப தொறக்குமா?"

"ஐசிய அழிக்காம, உள்ள இருக்கறத படிக்கலாம். படிச்சா போர்டு வார்த்தை தெரியும். டிஸ்க்குக்கும் அதே வார்த்தையத்தான் போட்டிருப்பாரு. எங்க கம்பெனில எல்லாருக்கும் அந்தப் பழக்கம். ஒரு நாளைக்கு எத்தினி மிஷின் தொறக்கறோம்? ரெண்டு ரெண்டா யாரு ஞாபகம் வெச்சுக்கறது?"

"அப்டி இல்லன்னா?"

"இல்லன்னா இல்லதான் அண்ணி. பொய் சொல்ல மாட்டேன். சால்டரிங் வைக்கும்போது கை தவறி ஐசி போனாலும் போச்சு."

பாஞ்சாலி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பண்ணு."

அவன் விளக்கோடு சேர்ந்த பூதக்கண்ணாடியை இழுத்து வைத்தான். தலைமயிர் கனம் உள்ள ஒயரை வெட்டி, நுனியைச் சுரண்டி, ஈயம் பூசினான். புகை எழுந்து மெழுகும் பிசினும் கலந்த வாசனை வந்தது. குணசேகரின் சட்டையில் தினமும் இருந்த வாசனை. பாஞ்சாலி முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். ஒரு காலுக்கு ஒயர் வைத்தான், இன்னொரு காலுக்கு வைத்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதற்கு வைத்தான். அவள் ஊசி கோக்கும்போது நாக்கை மடித்துக்கொள்வதைப் போலவே அவனும் மடித்துக்கொண்டான். மூன்று ஒயரையும் ஒரு சின்னப் பலகைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் சொருகினான்.

திரையில் வரிசை வரிசையாக எழுத்துகள் வந்தன. எல்லாம் ஒரே எழுத்தாக இருந்தது.

ராஜேந்திரன் திரைக்குக் கிட்டே குனிந்தான்.

"போய்டுச்சா?" என்றாள்.

"இருங்க அண்ணி." நெற்றியைத் துடைத்தான். "எல்லாம் எஃப் எஃப்னு வருது. காலியா இருந்தா இப்டித்தான் வரும்."

"காலின்னா?"

"இருங்கன்னேன்ல!"

கத்திவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். மழை பிளாஸ்டிக்கில் தடதடவென்று விழுந்தது. பாஞ்சாலி தன் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டாள். பேசாமல் ஆவணியில் அனுப்பிவிடலாம், மிஷினையும் கூடவே அனுப்பிவிடலாம், எனக்கு எதுவும் வேண்டாம் என்று நினைத்தாள். அழுகையாக வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அவன் கண்ணாடிக்குள் குனிந்து, ஊசி முனையால் ஒவ்வொரு ஒயராகத் தொட்டான். நடு ஒயர் ஆடியது. "தூ! ஈயம் ஒட்டவே இல்ல. என் புத்திய செருப்பால அடிக்கணும்." மறுபடி புகை. மறுபடி சொருகினான். இந்தத் தரம் எண்கள் கலந்து கலந்து வந்தன.

"இருக்கு அண்ணி! இருக்கு!"

"இன்னா எழுதிக்கீது?"

"எழுத்தா இருக்காது. கீபோர்டுல எந்தக் கட்டைய அமுக்கினாருன்னு நம்பரா இருக்கும். மாத்தணும்." சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தான். "எம்... ஏ... ஆர்... ஐ..."

மாரியம்மனா, என்று அவள் யோசித்தாள். அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாதே.

"கே... யூ... பி. அவ்வளவுதான். இந்த மிஷின் ஏழு எழுத்துக்கு மேல வாங்காது. மாரிகுப்... மாரிகுப்பம்! வண்டி கிளம்பற ஸ்டேஷன் பேரு!"

ராஜேந்திரன் சிரித்தான். பாஞ்சாலிக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்டாட்டி பேரைப் போடவில்லை, போய் ஒரு ரயில்வே ஸ்டேஷன் பேரை வைத்திருக்கிறார் மனுஷன். இத்தனை கஷ்டத்திலும் அந்தக் கோபம் வந்தது. வந்ததில் அவளுக்கே கொஞ்சம் உயிர் வந்தது போலிருந்தது.

ஒயர்களை எடுத்து, டிஸ்க்கை மாட்டி, மிஷினை மூடி, கரண்டில் போட்டான். ஏழு எழுத்தை அடித்தான். பூட்டுப் படம் போயிற்று. இன்னொரு பூட்டு வந்தது. அதே ஏழு எழுத்து. திரை நீலமாக விரிந்தது.

"ரெகார்டிங்னு ஒரு ஃபோல்டர் வெச்சிருக்காரு அண்ணி. நிறைய இருக்கு. ஒண்ணு போடட்டுமா?"

"வேணாம்," என்றாள் அவசரமாக. "வூட்டுல போய் கேக்கறேன். எப்டி போடறதுன்னு மட்டும் சொல்லு."

சொல்லிக்கொடுத்தான். காசு வாங்க மறுத்தான். படியிறங்கும்போது, "ஞாயித்துக்கெழம வரேன் அண்ணி, சத்தியமா" என்றான். வரட்டும், வராமல் போகட்டும் என்று விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. லட்சுமம்மா எழுந்துகொண்டாள். "உன் யஜமானரு சாம்பார் அன்னம் சாப்ட்டாரு. நாள் பூரா 'சொல்லு சொல்லு'ன்னாரு. நான் என்னத்த சொல்லலிப்பா! ஆய்த்தா உன் வேலை?"

"ஆச்சும்மா."

கதவைப் பாதி சாத்தினாள். மிஷினைச் சமையல் மேடை ஓரத்தில், அவர் வைக்கிற அதே இடத்தில் வைத்தாள். காதில் மாட்டுகிற ஒயரை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். முதலில் தான் தனியாகக் கேட்க வேண்டும். அழுதாலும் யாருக்கும் தெரியக்கூடாது.

முதல் ரெகார்டிங்கை அமுக்கினாள்.

இரைச்சல். ரயில் இல்லை. 'உஸ்' என்று ஸ்டவ் எரிகிற சத்தம். ஒரு தட்டு விழுந்தது. கண்ணாடி வளையல் குலுங்கியது. அப்புறம் ஒரு பொம்பளை பேச ஆரம்பித்தாள்:

"...நா சொன்னேன், யம்மா, மெரூன்னு மெரூன்னு சொல்றீயே, இது மெரூனா? பீட்ரூட்டு கலரு இது. இதுக்கு நா எங்க போயி நூலு வாங்குவேன்? அதுக்கு அவ மூஞ்ச எப்டி வெச்சா தெரியுமா? இப்டி வெச்சா. பாருங்களேன் இங்க! நீங்க எங்க பாக்கறீங்க, அந்தப் பொட்டியப் பாத்தினு..."

பாஞ்சாலி தன் குரலைக் கேட்டதே இல்லை. யார் இவள் என்று ஒரு கணம் விழித்தாள். இவ்வளவு சத்தமா, இவ்வளவு வேகமா, மூச்சுகூட விடாமல்! அடுத்ததை அமுக்கினாள். குழாயடிச் சண்டை, அவள் குரலில். அடுத்தது. கத்தரிக்காய்க்காரன் ஏமாற்றியது. அடுத்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குழந்தை தங்காது என்று சொன்ன நாளைப் பற்றி, எத்தனையோ வருஷம் கழித்து ஏதோ ஒரு ராத்திரி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் சொன்னது. பாட்டு ஒன்றுகூட இல்லை. ரயில் ஒன்றுகூட இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மனுஷன் தனியாகச் சிரித்தது இதைக் கேட்டுத்தான்.

அவளுக்கு வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் குரல் எங்கே? அவள் தேடிப் போனது அதற்குத்தானே. முதல் ரெகார்டிங்குக்கே திரும்பி வந்தாள். அவள் பேச்சில் மூச்சு வாங்கிய ஓர் இடம். ஸ்டவ் சத்தம் மட்டும். அந்த இடைவெளியில், மைக்குக்கு ரொம்பக் கிட்டத்தில், மெதுவாக ஓர் ஆண் குரல்:

"ம்... சொல்லு."

அவள் அந்த இடத்தையே மறுபடி போட்டுக் கேட்டாள்.

இன்னொரு ரெகார்டிங். மூச்சு வாங்குகிற இடம். "சொல்லு." இன்னொன்று. "அப்பறம் அவ என்ன சொன்னா? சொல்லு." வெங்காயம் நறுக்கிய ரெகார்டிங்கில் அவள் வெகுநேரம் பேசாமல் இருந்த இடத்தில், "ம். நா கேட்டுட்டுதான் இருக்கேன். சொல்லு."

மறந்துபோன குரல் அதுதான். இந்தக் குரலில்தான் கூப்பிடுவார், இந்தக் குரலில்தான் தண்ணீர் கேட்பார். எல்லாம் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. அவள் மிஷினில் சொருகியிருந்த ஒயரைப் பிடுங்கினாள். பிடுங்கியதும் மிஷினின் சத்தம் அறைக்குள் வந்தது. ஸ்டவ் எரிந்தது, வளையல் குலுங்கியது, அவள் பேச்சு பொரிந்து தள்ளியது. நாற்காலியில் குணசேகர் மழையை விட்டுத் திரும்பினார். முகத்தின் ஒரு பாதி மட்டும் மலர்ந்தது.

மிஷினுக்குள் பாஞ்சாலி மூச்சு வாங்கினாள்.

"சொல்லு," என்றது மிஷின்.

"சொ...ல்லு," என்றார் குணசேகர்.

இரண்டும் ஒரே குரல். ஒன்று குழறியது, ஒன்று குழறவில்லை. மார்கழியிலிருந்து இந்த ஆடி வரைக்கும் இந்த மனுஷன் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவள் வாயை மூடிக்கொண்டு இட்லி ஊட்டியிருக்கிறாள். அர்த்தத்தோடு சொல்கிறாரா இல்லையா, டாக்டரம்மாவுக்கே தெரியாது. பாஞ்சாலிக்கும் தெரியாது. தெரியாவிட்டால் போகிறது.

அவள் மிஷினை அணைத்தாள். அறையில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அவர் கண் அவள் மேலேயே இருந்தது. ஸ்டூலை நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவரிடம் இத்தனை மாதம் பூட்டிக் கிடந்த வாய்.

"உங்கண்ணன் வந்தாரு இல்ல, நேத்து," என்றாள். "உங்கள மாரிகுப்பத்துக்கு இட்னு போறேன்றாரு. ஆவணில வண்டி வெச்சுனு வராராம். வரட்டும், கருவாட்டுக் குழம்பு கொண்டாந்தா துன்னுட்டு, வண்டிய காலியா அனுப்பிடலாம்னு கீறேன்." நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்றம் இன்னிக்கி எஸ்.பி. ரோட்டுக்குப் போனனா, அங்க ஒருத்தன், மீசைகூட ஒழுங்கா மொளைக்கல, என்ன ஆன்ட்டின்றான். மொதல்ல அதக் கேளுங்க..."

மூச்சு வாங்கினாள்.

"சொல்லு," என்றார்.